அடிபைப்புத் தண்ணீரும் கன்னியாவின் ஏழு கிணறுகளும்

"அந்தத் தீவுல பூமிக்கு அடியில எரிமலை இருக்காப்பா?" என்று அத்தை கேட்டார். டம்ளரில் டீ இன்னும் ஆறவில்லை. திருத்துறைப்பூண்டியில் அவர் தெருப் பெண்கள் சிலர் சேர்ந்து நாகப்பட்டினத்தில் கப்பலேறி இலங்கைக்குப் போய்வரத் திட்டம் போட்டிருக்கிறார்கள். திருக்கோணேசுவரம் பார்க்க வேண்டும், கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிக்க வேண்டும், மலையில் அருவி பார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. அத்தைக்கு ஒரே ஒரு பயம்தான். தண்ணீரைக் கொதிக்க வைக்கிற நெருப்பு என்றைக்காவது வெளியே வந்துவிட்டால்?

இலங்கையில் எரிமலை கிடையாது அத்தை என்றேன். அப்படியானால் வெந்நீர் எப்படி வருகிறது என்று அடுத்த கேள்வி. சரியான கேள்வி. அதற்குப் பதில் அவர் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது.

மார்கழி மாதம் விடியற்காலையில் கோலம் போடுவதற்கு முன் அடிபைப்பில் தண்ணீர் அடிப்பார். வாளியில் இரவே பிடித்து வைத்த தண்ணீர் கையைக் கடிக்கும். பைப்பிலிருந்து புதிதாக வரும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். அதே தண்ணீர் சித்திரை மதியத்தில் சில்லென்று இருக்கும். உண்மையில் அந்தத் தண்ணீரின் சூடு வருடம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். மேலே காற்றுதான் குளிர்கிறது, காய்கிறது. சில பத்து அடி இறங்கிவிட்டால் வெயிலும் பனியும் எட்டாத இடம். அதற்கும் கீழே போகப் போக பூமி தன் சொந்தச் சூட்டைக் காட்டத் தொடங்கும். சாதாரண நிலத்தில் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் சுமார் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் கூடும். திருத்துறைப்பூண்டிக்கு அடியிலும் அப்படித்தான்.

கன்னியாவில் தண்ணீர் 40 டிகிரியை ஒட்டி இருக்கிறது. உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். நிலத்தடி நீர் 27, 28 டிகிரியில் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அரைக் கிலோமீட்டராவது கீழே இறங்கி மேலே வந்தால்தான் அந்தச் சூடு கிடைக்கும். மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளில் மெல்ல மெல்லக் கசிந்து இறங்குகிறது. ஆழத்தில் சூடேறுகிறது. பிறகு ஒரு பெரிய வெடிப்பு கிடைத்தால் அதன் வழியே ஆறுவதற்குள் மேலே வந்துவிடுகிறது. இறங்கும்போது நிதானம், ஏறும்போது வேகம். அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை.

"அப்ப நமக்கு ஏன் வரல?"

நமக்குக் கீழே பாறை இல்லையே அத்தை. காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலும் களிமண்ணும், அதற்கும் கீழே பழைய கடல் படிவங்களுமாக ஆயிரக்கணக்கான அடிக்குப் படிந்து கிடக்கிறது. களிமண்ணில் தண்ணீர் ஓடாது, ஊறும். ஊறி ஊறி மேலே வருவதற்குள் சூடு போய்விடும். இலங்கையில் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய கெட்டிப் பாறை. நம்முடைய மலைகளும் அந்தப் பாறையும் ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருந்தவை. அந்தத் தீவில் இரண்டு பாறைத் தொகுதிகள் முட்டிக்கொள்ளும் எல்லையை ஒட்டித்தான் வெந்நீர் ஊற்றுகள் பெரும்பாலும் இருக்கின்றன. வடக்கே திருகோணமலைக்கு அருகே கன்னியா, நடுவே அம்பாறை மாவட்டத்து மகா ஓயா, தெற்கே அம்பாந்தோட்டை மாவட்டத்து மதுநாகல. மகா ஓயாவில் 50 டிகிரிக்கு மேலேயே இருக்கும். அங்கே யோசிக்காமல் தலையில் ஊற்றிக்கொள்ளக் கூடாது.

கன்னியாவில் கிணறு என்றால் நம் ஊர்க் கிணற்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். சதுரமாகக் கட்டிய ஏழு சின்னத் தொட்டிகள். எட்டிப் பார்த்தால் அடித்தரை தெரியும். வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஏழும் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தாலும் ஏழிலும் சூடு வேறு வேறு. மேல்மட்டக் குளிர்ந்த நீர் ஒன்றில் கூடுதலாகக் கலக்கும், இன்னொன்றில் குறைவாகக் கலக்கும்.

அங்குள்ள கதை வேறு. தாய் இறந்த செய்தி கேட்ட இராவணன், ஈமக்கடன் செய்யத் தண்ணீர் வேண்டி ஏழு இடத்தில் நிலத்தைக் குத்த, ஏழு ஊற்று பிறந்ததாம். இதைக் கதைதானே என்று தள்ளிவிட்டுப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. திருகோணமலைத் தமிழர்கள் இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் கடனைக் கன்னியாவில் செய்வது வழக்கம். நாம் மஞ்சள் துண்டும் சோப்புமாகச் சிரித்துக்கொண்டு போகும்போது, பக்கத்துக் கிணற்றடியில் ஒரு குடும்பம் அழுதுகொண்டு நிற்கலாம். கொடியக்கரையில் ஆடி அமாவாசைக்குக் கடலில் முழுகுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த அத்தைக்கு இதைப் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை. கூட வருகிற இளசுகளுக்குச் சொல்ல வேண்டும். அந்த வளாகத்தில் இருந்த பிள்ளையார் கோயிலின் அடித்தளம் குறித்து 2019-இல் போராட்டமும் வழக்கும் நடந்தன. அந்த ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் ஆறாத விஷயம். கேட்டால் சொல்வார்கள், பொறுமையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கப்பல் போய்ச் சேரும் காங்கேசன்துறைக்குப் பக்கத்திலேயே இன்னொரு தண்ணீர் இருக்கிறது, கீரிமலை. இது குளிர்ந்த ஊற்று. கடல் அலை அடிக்கும் இடத்தை ஒட்டி ஒரு கேணி, அதில் நல்ல தண்ணீர். யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் தரை. சுண்ணாம்புக்கல்லை மழைநீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உள்ளே பொந்தும் வழியுமாக ஆக்கிவிடும். நிலத்தில் பெய்த மழை அந்த வழிகளில் ஓடிக் கடலோரத்தில் வெளிப்படுகிறது. அதிக ஆழம் போகாததால் சூடு ஏறுவதில்லை. கரையிலேயே நகுலேசுவரம் கோயில். ஆடி அமாவாசைக்கு யாழ்ப்பாணமே அங்கே கூடும், தந்தைக்குத் தர்ப்பணம் கொடுக்க. நமக்குக் கொடியக்கரை எப்படியோ, அவர்களுக்குக் கீரிமலை. நடுவில் ஒரு கடல், அவ்வளவுதான்.

திருகோணமலையில் இருக்கும் கோணேசுவரத்தைப் பற்றி அத்தையே பாதி சொன்னார். சம்பந்தர் பாடிய தலம், ஆனால் அவர் கடல் தாண்டவில்லை, இராமேசுவரத்தில் நின்று அங்கிருந்தே பாடினார் என்பது மரபு. கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் பாறை, நூறு மீட்டருக்கு மேல் உயரம். அதன் விளிம்பில் கோயில். பக்கத்தில் இராவணன் வெட்டு என்ற பிளவு. பழைய கோயிலை 1620-களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா இடித்தான். அந்தக் கற்களையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். இன்றும் கோட்டை வாசல் வழியாகத்தான் கோயிலுக்குப் போக வேண்டும். 1950-இல் அந்த ஊரில் கிணறு தோண்டியபோது செப்புத் திருமேனிகள் கிடைத்தன. யாரோ புதைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். மூன்று நூற்றாண்டு மண்ணுக்குள் இருந்த சாமி வெளியே வந்ததும் ஊர் சும்மா இருக்குமா? கோயில் திரும்ப எழுந்தது, 1963-இல் குடமுழுக்கு. இடையில் 1956-இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பாறையடிக் கடலில் மூழ்கிப் பார்த்தபோது, செதுக்கிய கற்களும் தூண்களும் கிடப்பதைக் கண்டார்கள். பாறை நுனியில் நின்று கீழே பார்க்கும்போது, பார்ப்பது கோயிலின் இன்னொரு பகுதியையும்தான் என்பது நினைவில் இருக்கட்டும்.

அருவி விஷயத்தில் அத்தையின் கணக்கு குற்றாலம். அதை முதலில் திருத்த வேண்டியிருந்தது. இலங்கை அருவிகளில் பெரும்பாலானவை பார்க்கத்தான், தலையைக் கொடுத்து நிற்க அல்ல. பாறை வழுக்கும், கீழே மடு ஆழம் தெரியாது. எல்ல ஊருக்கருகே சாலையோரம் விழும் இராவணா எல்லவிலும் வண்டியை நிறுத்தி நின்று பார்ப்பதே போதும். உயரமானது பம்பரகந்தை, 263 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு அடுக்கினால் வரும் உயரம். அத்தை கண்ணை மூடி அடுக்கிப் பார்த்தார்.

தண்ணீர் அப்படி விழக் காரணமும் பாறைதான். ஆறு மெத்தென்ற பாறையை அரித்துவிடும், கெட்டிப் பாறையை எளிதில் அரிக்க முடியாது. கெட்டி முடிந்து மெத்து தொடங்கும் இடத்தில் படி உண்டாகும், அந்தப் படியில் விழும். நம் காவிரியும் ஒகேனக்கலில் பாறைப் படியில்தான் விழுகிறது. கல்லணை தாண்டிய பிறகு விழுவதற்குப் படியே இல்லை. முள்ளியாற்றுச் சட்ரஸில் பலகை தூக்கும்போது பையன்கள் கூத்தாடுவார்களே, அதுதான் நம் ஊர் அருவி.

தலவாக்கலைப் பக்கம் சென்கிளேயர் அருவி என்று ஒன்று, 80 மீட்டர். மேல் கொத்மலை மின்திட்டம் 2012-இல் வந்தபிறகு அதன் தண்ணீரைச் சுரங்கத்தில் திருப்பிவிட்டார்கள். மக்கள் எதிர்த்ததால் பகலில் மட்டும் பார்வைக்காகத் தண்ணீர் விடுகிறார்கள். மேட்டூர் எப்போது திறக்கும் என்று வானத்தையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்க்கிற ஊர்க்காரிக்கு, மணி பார்த்து விழும் அருவி புரியாதா என்ன. அத்தை ஒன்றும் பேசவில்லை, டம்ளரைக் கீழே வைத்தார்.

அந்த அருவியின் தண்ணீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலி கங்கையில் சேர்கிறது. மகாவலி 335 கிலோமீட்டர், தீவின் நீளமான ஆறு, அவர்களுடைய காவிரி. எத்தனையோ நெல்வயலுக்குப் பாய்ந்து கடைசியில் அது கடலில் கலக்கும் இடம் கொட்டியாரக் குடா. கோணேசுவரப் பாறையிலிருந்து தெற்கே தெரியும் கடல். இந்தக் கொட்டியாரம் என்ற பெயர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது. ஈழமான மும்முடிச்சோழ மண்டலத்து ஊர்கள் கோயிலுக்கு நெல்லும் காசும் தர வேண்டும் என்று இராசராசன் விட்ட நிவந்தத்தில் வருகிறது. "அவங்க வயக்காட்டு நெல்லு நம்ம ஊருக்கு வந்துச்சா?" என்று அத்தை வியந்தார். வெற்றிபெற்றவன் எழுதிய கல் அது, கொடுத்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

மிச்சம் இருந்தது எந்த மாதம் போவது என்பதுதான். திருகோணமலைக்கு மழை நம்மைப் போலவே ஐப்பசி, கார்த்திகையில். அந்த மாதங்களில் கடலும் கொந்தளிக்கும், கப்பலும் நிற்கும். 2023 அக்டோபர் 14-இல் தொடங்கிய கப்பல் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்ட் 16-இல்தான் மறுபடி ஓடியது. கடல் அமைதியாக இருந்தால் சுமார் நாலு மணி நேரப் பயணம். தலவாக்கலைப் பக்கத்து மேற்கு மலைகளுக்குத் தென்மேற்குப் பருவமழை, ஆனி ஆடியில் அருவி நிறைந்திருக்கும். கிழக்கே பதுளைப் பக்கத்து துன்ஹிந்தை போன்றவை நிறைவது நம் அடைமழைக் காலத்தில். இரண்டு பக்கத்து அருவிகளும் நிறைந்திருப்பதை ஒரே பயணத்தில் பார்க்க முடியாது, ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். பதுளையை விடுங்கள் என்றேன்.

"ஆடின்னா குறுவைக்குக் களை எடுத்து முடிச்சிருக்கும்" என்று எழுந்து போய் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். தாள்களை நகர்த்தி ஆடி அமாவாசை என்றைக்கு என்று தேடினார். கண்டுபிடித்ததும் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு கேட்டார்: "மாமாவுக்குக் கொடியக்கரையில கொடுக்கறத இந்த வருஷம் மட்டும் கீரிமலையில கொடுத்தா சரியா இருக்குமாப்பா?"