‘வேண்டாம்’ என்னும் முதற் குரல்

குமரப் பருவத்தினர் செய்யும் பிழைகளுக்குப் பெரியோர் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: “சேர்க்கை சரியில்லை.” இத் தீர்ப்பில் உண்மை உண்டு; ஆனால் முழு உண்மை இல்லை. தீயவன் ஒருவன் அருகிருந்து தூண்டினால்தான் இளைஞன் தவறான முடிவுக்கு வருவான் என்பதில்லை. நல்ல நண்பர்களே சூழ்ந்திருக்கும்போதும், அவர்கள் ஒரு சொல்லும் சொல்லாதபோதும், அவன் முடிவு மாறிவிடுகிறது. இஃது எவ்வாறு நிகழ்கிறது என்பதை இக் கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

எடுத்துக்காட்டாக ஓர் இடத்தைக் கொள்வோம். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி செல்லும் சாலையில் உள்ளது நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாதேவியின் பெயரால் அமைத்த ஊர் என்பர். மச்சாவதாரக் கோலத்தில் திருமால் எழுந்தருளியுள்ள வேதநாராயணர் கோயில் அங்கே இருக்கிறது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. கோயிலை நாடிச் சென்றவர்களைப் போலவே, அருகிலுள்ள மலையை நாடிச் சென்ற மாணவரும் பலர். அம் மலையில் ஓடை நீர் பாறைகளுக்கிடையே இறங்கி, ஆங்காங்கே ஆழமான மடுக்களாகத் தேங்கி நிற்கிறது. பார்வைக்கு அமைதியான நீர்தான். ஆனால் அடியில் பாறை எங்கே, ஆழம் எவ்வளவு என்பது மேலே நிற்பவனுக்குத் தெரியாது. இத்தகைய மலை மடுக்களில் இளைஞர் மூழ்கி உயிரிழந்த செய்திகளை நாளிதழ்களில் பலமுறை படித்திருக்கிறோம்.

அங்கே ஒருமுறை, மடு ஒன்றின் மேலிருந்த பாறையில் ஆறு மாணவர்கள் நிற்கக் கண்டேன். ஒருவன் குதித்தான். அடுத்தவனும் குதித்தான். மூன்றாமவன் விளிம்பில் சற்றுத் தயங்கினான். ‘குதி’ என்று யாரும் சொல்லவில்லை, கேலியும் செய்யவில்லை. ஆயினும் அவன் நீரைப் பார்த்ததைவிட நண்பர்களின் முகங்களைப் பார்த்ததே மிகுதி. பிறகு குதித்துவிட்டான். நான்காமவன், “எனக்கு நீச்சல் வராதுடா, நான் இறங்கலை” என்று சொல்லிப் பாறையில் உட்கார்ந்தான். உடனே மற்ற இருவரும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தனர். அவர்களுள் ஒருவன், “எனக்குந்தான்” என்று மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது.

இங்கே மூன்று கேள்விகள் எழுகின்றன. யாரும் வற்புறுத்தாமலே மூன்றாமவன் ஏன் குதித்தான்? கடைசி இருவர் அதுவரை ஏன் வாய் திறக்கவில்லை? ஒருவன் சொன்ன ஒரே வாக்கியம் அவர்களை எப்படி விடுவித்தது? மூன்றுக்கும் உளநூலார் விடை தேடியிருக்கின்றனர்.

முதற் கேள்வி. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ட்னர், ஸ்டைன்பர்க் என்னும் இருவர் 2005-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 306 பேரை மூன்று வயதுப் பிரிவினராகப் பிரித்து, திரையில் கார் ஓட்டும் ஒரு விளையாட்டை ஆடச் செய்தனர். மேலும் மேலும் ஓட்டினால் புள்ளிகள் கூடும். சிவப்பு விளக்கு வருமுன் நிறுத்தாவிட்டால் கார் மோதிவிடும். சிலர் தனியே ஆடினர். சிலர் தோழர் இருவர் உடனிருக்க ஆடினர். தோழர் உடனிருந்தபோது 13 முதல் 16 வயதினர் துணிந்த ஆபத்துகள் மிகவும் கூடின. 18 முதல் 22 வயதினரிடமும் கூடின. 24 வயதைக் கடந்தவர்களிடம் பெரிய மாற்றமில்லை. அதே பல்கலைக்கழகத்தார் 2011-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், தோழர்கள் தம்மைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தபோது, குமரப் பருவத்தினரின் மூளையில் பரிசையும் இன்பத்தையும் எதிர்நோக்கும் பகுதிகள் மிகுதியாக இயங்குவது காணப்பட்டது. ஆகவே ஆபத்தை அறியாமையால் மட்டும் இளைஞன் குதிப்பதில்லை. அறிந்திருந்தும், நண்பர்கள் முன்னிலையில் குதிப்பதன் இன்பம் அவனுக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இரண்டாம் கேள்வி. 1993-இல் பிரிண்ஸ்டன் பல்கலைக்கழக மாணவரிடையே பிரென்டிஸ், மில்லர் என்போர் நடத்திய ஆய்வு இதற்கு விளக்கம் தருகிறது. வளாகத்தில் நிலவிய மதுப்பழக்கம் பற்றிக் கேட்டபோது, மாணவர்கள் பொதுவாகத் தமக்கு ஒருவகைத் தயக்கம் இருப்பதாகவும், பிற மாணவருக்கு அத் தயக்கம் குறைவு என்றும் கூறினர். எல்லோரும் உள்ளுக்குள் தயங்கினர். எல்லோரும் ‘நான் ஒருவன்தான் தயங்குகிறேன்’ என்று எண்ணினர். மௌனத்தைச் சம்மதமாகப் படித்துக்கொள்வதால் வரும் மயக்கம் இது. பாறையின்மேல் நின்ற இருவர் நிலையும் அதுவே.

மூன்றாம் கேள்விக்கு விடை இன்னும் பழையது. 1950-களில் சாலமன் ஆஷ் என்னும் பேராசிரியர் கல்லூரி மாணவர்களைக் குழுவாக அமர்த்தி, மூன்று கோடுகளுள் எது முதலில் காட்டிய கோட்டின் அளவுக்குச் சமம் என்று கேட்டார். குழந்தையும் சொல்லக்கூடிய விடைதான். ஆனால் குழுவில் ஒருவனைத் தவிர மற்றவரெல்லாம் அவரால் முன்பே ஏற்பாடு செய்யப்பட்டவர்கள். வேண்டுமென்றே தவறான விடையைச் சொன்னார்கள். அந்த ஒருவன் நிலையில் இருந்தவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர், ஒருமுறையேனும் தம் கண்ணைப் பொய்யாக்கிக் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். ஆனால் குழுவில் வேறு ஒரே ஒருவன் சரியான விடையைச் சொன்னால் போதும். அந்த இணக்கம் பெரிதும் குறைந்துவிட்டது. கூட்டத்தின் வலிமை அதன் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. அதன் ஒருமித்த குரலில் இருக்கிறது. அதில் ஒரு கீறல் விழுந்தால் மற்றவர்க்கும் மூச்சு வருகிறது.

இதனால் நண்பர்களே ஆகாது என்று கொள்ளலாகாது. தேர்வுக் காலத்தில் அறைத் தோழன் விளக்கேற்றிப் படிப்பதைக் கண்டு நாமும் புத்தகத்தை எடுக்கிறோமே, அதுவும் இதே ஆற்றல்தான். காற்று ஒன்றுதான், படகைக் கரை சேர்ப்பதும் கவிழ்ப்பதும் அதுவே.

மாணவத் தோழர்களே! நம் விடுதி வாழ்க்கையில் மடுக்கள் பல. முதல் சிகரெட்டு, முதல் மது, ஒரே மோட்டார் சைக்கிளில் மூவர் பயணம், புதிய மாணவனைச் சுற்றி நின்று செய்யும் பகடிவதை, எல்லாவற்றிலும் இதே பாறை விளிம்பு உண்டு. அங்கே போய் நின்றபின் முடிவு செய்வது கடினம். ஆகவே எதைச் செய்வதில்லை என்பதைப் புறப்படுமுன்பே முடிவு செய்துகொள்வது நலம். சொல்ல வேண்டியதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். மூவர் குதித்தபின் சொல்வதைவிட ஒருவரும் குதிக்காதபோது சொல்வது எளிது. அறிவுரை வேண்டியதில்லை, ‘எனக்கு வேண்டாம்’ என்றால் போதும். அப்படிச் சொன்னவனைப் பார்த்துச் சிரிக்காமலிருப்பது மற்றவர் கடமை.

நண்பன் வழி தவறும்போது முன்வந்து கண்டிப்பதே நட்பின் நோக்கம் என்று வள்ளுவர் கண்டார். கண்டிக்கும் துணிவு எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. ஆனால் தன் தயக்கத்தை மறைக்காமல் வெளியிடுவது எவர்க்கும் இயலும். நம் அருகில் நிற்பவன் அந்தச் சொல்லுக்காகவே காத்துக்கொண்டிருக்கலாம். அவனுக்கு நீச்சல் தெரியாமலும் இருக்கலாம்.