உங்களுக்குத் தெரியுமா? அடியிறக்கம் திரும்ப வந்தால்...

கர்ப்பப்பையை எடுத்த பிறகும் அடியிறக்கம், அதாவது இடுப்புக்குள் இருக்கும் உறுப்புகள் யோனி வழியே கீழே சரிவது, வரலாம். "அதான் எடுத்தாச்சே, இனி எது இறங்கும்?" என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். பை போனாலும் அதைச் சுற்றியிருந்த தளர்ச்சி போவதில்லை. யோனியின் மேல்முனை கீழே சரியலாம். முன்சுவரைத் தள்ளிக்கொண்டு சிறுநீர்ப்பையோ, பின்சுவரைத் தள்ளிக்கொண்டு மலக்குடலோ இறங்கலாம். 1997-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இறக்கத்துக்கும் சிறுநீர்க் கசிவுக்கும் நடந்த அறுவைகளில் சுமார் 29 சதவீதம் மறு அறுவைகள். ஆகவே, திரும்ப வந்துவிட்டதே என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

இடுப்பின் அடியில் தூளி கட்டியதுபோல ஒரு தசைப் படுகை இருக்கிறது. அதை வலுவாக்கும் பயிற்சியை 1948-இல் மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர். இன்றும் அந்தப் பயிற்சி அவர் பெயரில்தான் வழங்குகிறது.

செய்முறை இதுதான். முழங்காலை மடக்கிப் படுத்துக்கொள்ளுங்கள். வாயுவையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல உள்ளே இறுக்கி, மேல்நோக்கி இழுங்கள். ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, முழுவதுமாகத் தளர்த்துங்கள். மூச்சைப் பிடிக்கக் கூடாது, தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. எட்டுப் பத்து தடவை, நாளுக்கு மூன்று வேளை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 1991-இல் நடந்த ஒரு சிறிய ஆய்வில், வாயால் மட்டும் சொல்லிக்கொடுக்கப்பட்ட பெண்களில் நாலில் ஒருவர் கேடு செய்யும் விதத்தில் முயன்றது தெரியவந்தது. மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்கினால் இறக்கம் கூடும். அதனால் ஒரு தடவையாவது பெண்களுக்கான பிசியோதெரபிஸ்டிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அறுவை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தால், டாக்டர் சொன்ன பிறகே தொடங்க வேண்டும்.

ஒரு வாரத்தில் பலன் தெரியாது. தொடக்க நிலை இறக்கத்துக்குக் குறைந்தது 16 வாரப் பயிற்சி என்கிறது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல். பாரமும் இழுவையும் குறையலாம். முழுக்க வெளியே வந்த உறுப்பு பயிற்சியால் உள்ளே போய்விடாது. போகும் என்று உறுதி சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

பயிற்சி வேளையோடு நிற்காமல், தும்மல் வரப்போகிறது என்று தெரிந்த அந்த நொடியிலேயே இந்த அடித்தசையை இறுக்கிவிட வேண்டும். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்முன்னும், பேரனை இடுப்பில் வைக்கும்முன்னும் அப்படியே. கேஸ் சிலிண்டரை நகர்த்துவதை வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள்.

மலச்சிக்கல்தான் வீட்டுக்குள்ளேயே இருக்கும் எதிரி. தினமும் முக்கினால் தைத்த இடமும் தளரும். வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலடியில் ஒரு சின்ன ஸ்டூலைப் போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயரும்படி முன்னால் சாய்ந்து உட்காருங்கள். கீரை, கொய்யா, போதிய தண்ணீர் வேண்டும். நாள்பட்ட இருமலுக்கும் வைத்தியம் பாருங்கள்.

பண்டைய கிரேக்கத்தில் இறக்கத்தைத் தாங்க மாதுளம்பழத்தைப் பாதியாக வெட்டி உள்ளே வைத்தார்கள். இன்று அந்த வேலையைச் செய்வது பெசரி என்னும் சிலிகான் வளையம். அறுவை செய்துகொண்டவர்களில் பலருக்கும் இது பொருந்தும். அளவு பார்த்து டாக்டர்தான் பொருத்த வேண்டும். தானே எடுத்துக் கழுவி மாட்டிக்கொள்ளக் கற்றுக்கொண்ட பெண்கள் பலர். இயற்கை வைத்தியம் என்று எண்ணெயையோ பொடியையோ உள்ளே வைக்க வேண்டாம், புண்ணாகும்.

யோனி வழியே வலை (மெஷ்) வைத்து இறக்கத்தைச் சரிசெய்யும் முறைக்கான வலைகளின் விற்பனையை, 2019 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. முன்பு உங்களுக்கு வலை வைத்திருக்கிறார்களா என்று தெரியாவிட்டால் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். ரத்தப்போக்கு, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், உறவின்போது வலி, சிறுநீர் வராமல் அடைப்பு, இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு, அந்தத் தாளோடு மகப்பேறு மருத்துவரிடம் உடனே போங்கள்.