குடியிருக்கும் வீட்டில் சுவர் எழுப்பலாமா?

ஒரு பெரிய வீடு. உள்ளே சுவர்களே இல்லை. குடியிருப்போரை வெளியேற்றாமல் அதை அறைகளாகப் பிரிக்க வேண்டும். எப்படிச் செய்வீர்கள்? கணிப்பொறி உலகில் இத்தகைய பணி ஒன்று நடந்தது. அது முடிய ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆயின.

ஜாவா என்னும் கணிப்பொறி மொழியை அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995இல் வெளியிட்டது. கோப்புகளைப் படித்தல், திரையில் படம் வரைதல் போன்ற வேலைகளுக்கான ஆயத்த நிரல்களும் அதனுடன் கிடைத்தன. ஆண்டுதோறும் இவை பெருகின. 2014இல் வந்த எட்டாம் பதிப்பில் இவற்றுள் பெரும்பாலானவை 60 மெகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பில் அடைபட்டிருந்தன.

இதைப் பகுக்க 2008இல் 'ஜிக்சா' என்ற திட்டம் தொடங்கியது. எந்தப் பகுதி எதைச் சார்ந்துள்ளது என்று கண்டறிவதே முதல் வேலை. அப்போது விந்தையான பிணைப்புகள் வெளிப்பட்டன. நிகழ்ச்சிகளைக் குறித்து வைக்கும் பகுதிக்கும் திரைக்கும் என்ன தொடர்பு? ஆயினும் அதிலிருந்த இரண்டே சிறு கட்டளைகள் அதைத் திரை சார்ந்த பகுதியோடு கட்டிப்போட்டிருந்தன! முன்னறிவிப்புச் செய்து, பின்னர் அவற்றை நீக்கினர்.

ஒவ்வொரு கூறும் இரண்டு செய்திகளை அறிவிக்க வேண்டும் என்பது புதிய விதி: எனக்கு எவை தேவை? பிறருக்கு நான் எவற்றைத் திறந்து விடுகிறேன்? மற்றவை மூடிய அறைகள்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. உள்வேலைக்கென வைத்திருந்த பகுதிகளை வெளியார் பலர் பல்லாண்டுகளாகக் கொல்லைப்புற வழியே பயன்படுத்தி வந்தனர். கதவை அடைத்தால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் நின்றுவிடும். அடைக்காவிட்டால் பகுத்தும் பயனில்லை. 2017 மே மாதம் ஜாவாவின் செயற்குழு இத்திட்ட வரைவை 13க்கு 10 என்ற வாக்குகளில் நிராகரித்தது. திருத்திய வரைவு அடுத்த மாதமே ஒப்புதல் பெற்றது.

செப்டம்பரில் ஒன்பதாம் பதிப்பு வெளிவந்தது. அதில் பழைய வழிகளை உடனே அடைக்கவில்லை; அவற்றில் நுழைந்தால் எச்சரிக்கை மட்டுமே வந்தது. 2021இல் வந்த 16, 17ஆம் பதிப்புகளில்தான் பெரும்பாலான கதவுகள் மூடின. மாற்று வழி அமையாத சிலவற்றை அப்போதும் திறந்தே வைத்தனர்.

கோடு கிழிப்பது எளிது. கோட்டைத் தாண்டிப் பழகியவர்களுக்கு மாற்று வழியும் கால அவகாசமும் தருவதே கடினம். நீங்கள் நாளை ஒரு சிறு நிரல் எழுதினாலும் எதை வெளியே காட்டுவது, எதை உள்ளே வைப்பது என்று முதல் நாளிலேயே எண்ணிப் பாருங்கள்.