எண் இருக்கிறது, அளவு இல்லை

திருவனந்தபுரத்தில் மீன் கலப்படம் என்றாலே எல்லோர் வாயிலும் வருவது ஃபார்மலின்தான். 2018-ல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை ‘ஆபரேஷன் சாகர் ராணி’ என்ற பெயரில் சோதனைச் சாவடிகளில் லாரிகளை மடக்கி, ஃபார்மலின் கலந்த மீனை டன் கணக்கில் பிடித்தது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அதைக் கண்டறியச் சோதனைத் தாளே செய்து தந்தது. ஃபார்மலினை மீனில் சேர்க்கவே கூடாது. ஆகவே வழக்கு நேரானது. பாஸ்பேட் அப்படியல்ல. அது அரசு அனுமதித்த சேர்பொருள், விஷமும் இல்லை. அதனாலேயே அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

உறையவைத்த இறாலை எடுத்துக்கொள்வோம். சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் கரைத்த நீரில் ஊறவைத்தால் சதை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அளவோடு சேர்த்தால், பனி உருகும்போது சாறு வடிந்து சதை நார்நாராகப் போகாமல் காக்கும். அனுமதி அதற்குத்தான். அளவு மீறினால் இறால் கண்ணாடி போல மினுங்கும், கையில் சோப்பு பட்டதுபோல வழுக்கும், சட்டியில் விழுந்ததும் தண்ணீர் விட்டுப் பாதியாகச் சுருங்கும். இறால் விலைக்குத் தண்ணீர் வாங்கியிருக்கிறோம் என்று அர்த்தம். இதைச் சோதனைக்கூடத்தில் நிரூபிப்பதும் லேசல்ல. இறைச்சியிலும் மீனிலும் இயல்பாகவே பாஸ்பேட் உண்டு. சேர்த்ததும் நாளாக ஆகச் சிதைந்து அதோடு கலந்துவிடும்.

காசு போவது ஒரு பக்கம். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. நல்ல சிறுநீரகம் பாஸ்பேட்டிலிருந்து வரும் மிகையான பாஸ்பரஸை வெளியேற்றிவிடும். தளர்ந்தால் அது ரத்தத்தில் தேங்கும். எலும்பு பலமிழக்கும், ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் படியும், ராத்திரி தூங்கவிடாமல் உடம்பு அரிக்கும். டயாலிசிஸால் முழுதும் நீக்க முடியாது. அதனால்தான் சாப்பாட்டோடு மாத்திரையும் தருகிறார்கள். இவர்களிடம் பாலைக் குறை, பருப்பைக் குறை என்கிறோம். ஆனால் பருப்பிலுள்ள பாஸ்பரஸில் ஏறக்குறையப் பாதிதான் உடம்பில் சேரும். சேர்பொருளாக வரும் பாஸ்பேட்டோ 90 சதவீதம் வரை உள்ளே போய்விடும். சோற்றுக்குப் பருப்பு ஊற்றப் பயப்படுகிறவர், சாயங்காலம் பேரன் பிரித்த நூடுல்ஸிலும் சாசேஜிலும் பங்கு கேட்பார். அவரைத் தடுக்க வீட்டில் யாருக்கும் தோன்றாது.

2009-ல் அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இந்தச் சேர்பொருள்களைத் தவிர்க்க மட்டும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றே மாதத்தில் மற்றவர்களைவிட அவர்களுடைய ரத்தப் பாஸ்பரஸ் டெசிலிட்டருக்கு 0.6 மில்லிகிராம் கூடுதலாகக் குறைந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் ஒரு வரம்பு வைத்தது: உடல் எடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் பாஸ்பரஸ், உணவில் இயல்பாக இருப்பதும் சேர்த்து. பத்துக் கிலோ குழந்தைக்கு 400 மில்லிகிராம். குழந்தைகள் இதைத் தாண்டக்கூடும் என்றும், சிறுநீரக நோயாளிகளுக்கு இந்த வரம்பு பாதுகாப்புத் தராது என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

நம் பாக்கெட்டில் என்ன இருக்கிறது? சேர்பொருளின் பெயரையோ எண்ணையோ போட வேண்டும் என்பது இந்தியச் சட்டம். 338 முதல் 343 வரையும், 450, 451, 452-ம் பாஸ்பேட் வகைகள். கோலாவில் 338, பதப்படுத்திய சீஸில் 339, பேக்கிங் பவுடரில் 450, நூடுல்ஸிலும் சாசேஜிலும் 451 என்று தேடினால் கிடைக்கும். எவ்வளவு என்பதைத்தான் போட வேண்டியதில்லை. சோடியத்துக்கு மில்லிகிராம் கணக்கு கட்டாயம், பாஸ்பரஸுக்கு இல்லை. பார்சல் உணவில் நிலைமை இன்னும் மோசம். கேரளத்தில் 2023 முதல் பார்சலில் தயாரித்த நேரத்தை ஒட்ட வேண்டும், நல்ல ஏற்பாடு. ஆனால் பொரித்த கோழி எதில் ஊறியது என்று அந்தச் சீட்டு சொல்லாது. கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் விட்டுவிடாதீர்கள். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு வாங்குபவருக்கே பரிசோதனை உரிமை தருகிறது. சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லி, கட்டணம் கட்டி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். திருவனந்தபுரத்தில் வஞ்சியூரில் அரசு ஆய்வகம் இருக்கிறது. தவறு நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். சேர்பொருளை மறைத்துத் தவறான லேபிள் ஒட்டியவருக்கு 52-வது பிரிவின்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் கட்டணமில்லா எண் 1800 425 1125. இழப்பீடு கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழி தெரியாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் கேளுங்கள். பில்லையும் பாக்கெட்டையும் தூக்கி எறியாமல் வைத்திருப்பது முக்கியம். அவை இல்லாத புகார் நிற்பது கடினம்.

இதெல்லாம் தனி ஆளாகச் செய்யக்கூடியது. லேபிளில் அளவு வரவேண்டுமென்றால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்தான் விதியை மாற்ற வேண்டும். ஆணையம் வரைவு விதிகளை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பது வழக்கம். அடுத்த லேபிள் வரைவு வரும்போது டயாலிசிஸ் நோயாளிகளின் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, பாஸ்பரஸுக்கும் ஒரு வரி வேண்டும் என்று எழுத வேண்டும். தமிழிலேயே எழுதலாம்.