ஜன்னல் இல்லாத கழிப்பறைக்கு விடிவு பிறந்தது!



சமையல் குறிப்பு, கோலம், கை வைத்தியம் என்று எத்தனையோ விஷயங்களை நாம் இங்கே பகிர்ந்து கொள்கிறோம். கழிப்பறையைப் பற்றி எழுதலாமா என்று முதலில் எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால், கூச்சப்பட்டுக்கொண்டு யாரும் வாய் திறக்காமல் இருந்ததால்தான் என் மாமியார் ஆஸ்பத்திரி வரை போக நேர்ந்தது. அதனால் எழுதியே தீருவது என்று உட்கார்ந்து விட்டேன்.

எங்களுடையது திருச்சியில் பழைய காலத்து வீடு. வாசலில் நுழைந்தால் கொல்லை வரை ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். கழிப்பறை கொல்லைக் கோடியில் இருந்தது. மாமியாருக்கு 70 வயதைத் தாண்டி முழங்கால் வலியும் வந்த பிறகு, ராத்திரியில் அவ்வளவு தூரம் நடக்க வேண்டாமே என்று, மாடிப்படிக்கு அடியில் பழைய சாமான் போட்டு வைத்திருந்த இடத்தைக் காலி செய்து வெஸ்டர்ன் டாய்லெட் கட்டினோம். அகலம் 3 அடி, நீளம் 5 அடி, உயரமான இடத்தில் 8 அடி. டைல்ஸ் ஒட்டினோம், பிடித்து எழுந்திருக்கக் கைப்பிடி வைத்தோம். எல்லாம் செய்தோம். ஜன்னலுக்குத்தான் இடமில்லை!

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்த மாதிரி ஓர் அவசரம் எங்களுக்கு. தெருவில் போன ஒருவரைக் கூப்பிட்டு, "ஒரு லைட்டும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் போட்டுக் கொடுப்பா" என்றோம். அவரும் ஹாலில் இருந்த டியூப்லைட் பாயின்டில் இருந்து இரண்டு வயரை இழுத்து, கதவுக்கு மேலே ஃபேனை மாட்டி, சுவிட்சை உள்ளேயே வைத்து, ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்து விட்டார். காசும் குறைவு. எங்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. ஃபேன் ஓடினால் உள்ளே இருக்கிற நாற்றம் எல்லாம் நேராக ஹாலுக்கு வந்தது. பின்னே? கதவுக்கு மேலே வைத்தால் அது ஹாலைப் பார்த்துத்தானே ஊதும்! சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது மாமியார் உள்ளே போனால், பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவார்கள். அதைப் பார்த்து அவர் ஃபேனைப் போடுவதையே நிறுத்தி விட்டார். ஃபேன் ஓடாததால் சுவர் வேர்த்து, மழைக்காலத்தில் மூலையெல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்தது. பல்பும் மினுக்கு மினுக்கென்று எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருநாள் மாமியாருக்குக் குளிர் ஜுரம். நீர் பிரியும்போது எரிச்சல் வேறு. டாக்டரிடம் கூட்டிப் போனேன். சிறுநீர்த் தொற்று என்றார். "தண்ணி குடிக்கறதே இல்லையா பாட்டி? அடக்கி அடக்கி வைப்பீங்களா?" என்று கேட்டார். மாமியார் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து, யாரும் இல்லாத நேரத்தில்தான் மெதுவாகச் சொன்னார்.

"அந்த இருட்டறைக்குள்ள போக பயமா இருக்கும்மா. போயிட்டு வெளியில வந்தா, எல்லாரும் மூக்கைப் பிடிச்சுக்கற மாதிரியே தோணுது. தண்ணி குடிச்சாத்தானே போகணும்? அதான் சாயங்காலம் 5 மணிக்கு மேல குடிக்கறதில்லை."

எனக்கு நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்தது. வேளாவேளைக்கு மருந்து கொடுக்கிறேன், கால் பிடித்து விடுகிறேன் என்று பெருமையாக நினைத்துக் கொண்டிருந்தேனே... ஒரு வாய் தண்ணீர் குடிக்கப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார் என்பது தெரியாமல் போய்விட்டதே!

மறுநாளே பல்பையாவது மாற்றுவோம் என்று ஸ்டூலைப் போட்டு ஏறினேன். சுவிட்சை அணைத்து விட்டுத்தான் ஹோல்டரைத் தொட்டேன். சுரீர் என்று கையை உதறியது! நல்லவேளை, கீழே விழவில்லை. அப்போதுதான் எதிர்வீட்டு அண்ணாவைக் கூப்பிட்டேன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டெஸ்டரோடு வந்து பார்த்து, தலையில் கை வைத்துக் கொண்டார்.

"ஏம்மா, சுவிட்சை நியூட்ரல்ல போட்டிருக்கான். நீ அணைச்சாலும் ஹோல்டர்ல கரண்ட் நின்னுக்கிட்டுத்தான் இருக்கும். பேஸ் வயர்லதான் சுவிட்ச் வரணும். எர்த் வயரே இழுக்கலை. ஜாயின்டை முறுக்கி டேப் சுத்தி ஈரச்சுவர் மேலயே தொங்க விட்டிருக்கான். ஈரக்கையோட பெரியம்மா உள்ள இருக்கற சுவிட்சைத் தொட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

என் வீட்டுக்காரரோ, "ஒரு கக்கூசுக்கு இன்னொரு தடவை செலவா?" என்று இழுத்தார். நான் பதிலே பேசவில்லை. சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தை எடுத்து அண்ணாவிடம் கொடுத்து விட்டேன். அவரும், மின் உரிமம் வழங்கும் வாரியம் தருகிற மின்கம்பியாள் தகுதிச் சான்றிதழ் வைத்திருக்கிற வயர்மேனையே அழைத்து வந்தார். இரண்டு நாள் பக்கத்தில் நின்று வேலை வாங்கினார். நானும் கூடவே நின்று கேள்வி கேட்டுக் கேட்டுத் தெரிந்து கொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் ஃபேன் எங்கே ஊத வேண்டும் என்பதை முடிவு செய்தோம். கெட்ட காற்று வீட்டுக்கு வெளியே, திறந்த வெளிக்குப் போக வேண்டும். எங்கள் கழிப்பறையின் பின்சுவரில் இருந்து கொல்லை 5 அடி தூரம். சுவரில் ஓட்டை போட்டு, கூரையை ஒட்டி 6 அங்குல பிவிசி குழாயை நேராகக் கொல்லைக்குக் கொண்டு போனார்கள். குழாய் எவ்வளவு குட்டையோ, எவ்வளவு நேராக இருக்கிறதோ அவ்வளவு நல்லதாம். ஒவ்வொரு வளைவிலும் காற்றின் வேகம் குறைந்து விடும். குழாயை வெளிப்பக்கம் லேசாகச் சரித்து வைத்தார்கள். உள்ளே வேர்க்கிற தண்ணீர் ஃபேன் மேலே வழியாமல் வெளியே போய்விடும். வெளி முனையில் மழை அடிக்காமல் ஒரு மூடியும், அணில் கூடு கட்டாமல் வலையும் உண்டு.

"பக்கத்துலயேதான் செப்டிக் டேங்க் காத்துக்குழாய் போகுதே, அதுலயே சேர்த்து விட்டுடலாமே?" என்றார் என் வீட்டுக்காரர். அண்ணா பதறிப்போய், "வேணவே வேணாம் தம்பி! ஃபேன் நிக்கறப்போ அந்த வழியாவே டேங்க் வாயு வீட்டுக்குள்ள வந்துடும்" என்றார். சிக்கனம் என்று நினைத்துப் பலரும் செய்கிற தப்பாம் இது.

பெரிய ஃபேனாக வாங்கலாமா என்று கேட்டேன். அண்ணா கணக்குப் போட்டுக் காட்டினார். 3 அடி, 5 அடி, 8 அடி பெருக்கினால் 120 கன அடி. மணிக்கு 10 தடவை காற்று மாற வேண்டும் என்று வைத்தாலும் 1,200 கன அடி. அதாவது, நிமிஷத்துக்கு 20 கன அடிதான். 6 அங்குல ஃபேனே தாராளம். பெரிதாக வாங்கினால் சத்தம்தான் மிச்சம்.

ஃபேன் மாட்டியாயிற்று. கதவைச் சாத்திவிட்டு, உள்ளே ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தேன். புகை அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது! "ஐயோ, இதுவும் வீணா?" என்று எனக்கு அழுகையே வந்து விட்டது. அண்ணா சிரித்துக்கொண்டே கதவை ஓரிரண்டு அங்குலம் திறந்தார். புகை கோடு போட்ட மாதிரி ஃபேனுக்குள் ஓடியது. "உள்ள காத்து வந்தாத்தானேம்மா வெளிய போகும்? ரப்பர் பட்டை வெச்சு கதவை இறுக்கி அடைச்சிருக்கீங்களே" என்றார். பட்டையை எடுத்து, கதவின் அடியில் முக்கால் அங்குலம் அறுத்து விட்டதும் கதவைச் சாத்தினாலும் புகை நேராகப் போக ஆரம்பித்தது. ஃபேன் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்கள், முதலில் கதவடியைப் பாருங்கள்!

அடுத்தது வயரிங். பேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை என்று 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரைக் குழாய்க்குள் விட்டு இழுத்தார்கள். ஜாயின்ட் எல்லாம் மூடி போட்ட பெட்டிக்குள். ஃபேனின் இரும்பு உடம்புக்கு எர்த் கொடுத்தார்கள். சுவிட்ச் இரண்டும் கழிப்பறைக்கு வெளியே, மாமியார் கைக்கு எட்டும் உயரத்தில். லைட் சுவிட்சில் இருட்டில் மினுங்கும் சின்ன விளக்கு உண்டு, தடவித் தேட வேண்டியதில்லை. ஃபேன் ஓடினால் எரிகிற சிவப்பு விளக்கு ஒன்றும் உண்டு.

லைட்டுக்கும் ஃபேனுக்கும் ஒரே சுவிட்ச் போதாதா என்று கேட்பீர்கள். வெளியே வந்த பிறகும் ஃபேன் 10 நிமிஷம் ஓடினால்தான் நாற்றமும் ஈரமும் முழுசாகப் போகும். அதனால்தான் தனித்தனி. அணைக்க மறந்தாலும், போகிற வருகிறவர்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து அணைத்து விடுகிறோம். தானாக நிற்கிற டைமரும் கிடைக்கிறது, வசதி உள்ளவர்கள் போட்டுக் கொள்ளலாம். விளக்குக்கு 9 வாட் எல்இடி பல்பு, ஈரம் புகாத கண்ணாடி மூடியோடு. கரண்ட் போனால் எடுத்துக்கொள்ள, உள்ளே ஓர் ஆணியில் டார்ச்சும் தொங்குகிறது.

மின்சாரச் செலவுக்குப் பயப்படாதீர்கள். 30 வாட் ஃபேன் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. பல்பு தினம் 3 மணி நேரம் எரிந்தாலும் அப்படித்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மெயின் போர்டில் ஆர்சிசிபி போட்டோம். எம்சிபி இருக்கிறதே என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எம்சிபி வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பாற்றுவது. ஆர்சிசிபி நம் உயிரைக் காப்பாற்றுவது. போன கரண்ட் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறு வழியில் கசிந்தாலே பட்டென்று அணைத்து விடும். அதில் இருக்கிற டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு தடவை நானே அமுக்கிப் பார்க்கிறேன். உடனே அணைந்தால் சரி. அணையாவிட்டால் மாற்ற வேண்டும்.

இன்னும் சில வார்த்தைகள் சகோதரிகளே:

* பல்பு மாற்றவோ ஃபேன் துடைக்கவோ சுவிட்சை மட்டும் நம்பாதீர்கள். மெயினை அணையுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். மெயினை அணைத்தாலும் அந்த லைனில் கரண்ட் இருக்கும்.

* ஃபேன் இறக்கையில் ஒட்டடை சேர்ந்தால் காற்று இழுக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை துடைத்து விடுங்கள்.

* ஜன்னல் இல்லாத அறையிலேயே குளியலும் என்றால், கேஸ் கீசரை உள்ளே வைக்கவே வைக்காதீர்கள். வாசனையே இல்லாத விஷவாயு உயிரைக் குடித்து விடும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று தைரியப்படவும் கூடாது.

* வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன், சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டரில் டெஸ்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எரியக் கூடாது. "உங்களுக்கு என்னம்மா தெரியும்?" என்று கேட்டால், இதைத் தெரியும் என்று சொல்லுங்கள்!

இப்போது மூலையில் பூஞ்சணம் இல்லை. ஹாலில் யாரும் மூக்கைப் பிடிப்பதும் இல்லை. "இவ்வளவு செலவா?" என்று கேட்ட என் வீட்டுக்காரர்தான், வருகிற விருந்தாளிகளிடம் ஊதுபத்தி கதையை அலுக்காமல் சொல்கிறார்.

போன வாரம் ராத்திரி சமையற்கட்டை ஒழித்துவிட்டுப் படுக்கப் போனேன். மாமியார் கூப்பிட்டார். "ஏம்மா, என் சொம்புல தண்ணி வெக்க மறந்துட்டியே!"

நிறைய வைத்துவிட்டு வந்தேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ராத்திரியில் தண்ணீர் குடிக்கிறார்களா? இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

- ஒரு வாசகி, திருச்சி.