வீட்டுத் தோட்டத்தில் விதைப்பு ஆழமும் செடி இடைவெளியும்

ஹைதராபாத் நகரின் கிழக்குப் பகுதியில் நாச்சாரத்தை அடுத்துள்ள மல்லாபூர், தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் கலந்து அமைந்த இடமாகும். இங்குள்ள வீடுகளில் கொல்லை இருக்குமாயின், அது இரண்டு மூன்று பாத்திகளுக்கு மேல் இடந்தராது. தார்நாகாவிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011இல் வெளியிட்ட உணவு நெறிமுறைகள், ஒருவர் நாளொன்றுக்கு 300 கிராம் காய்கறி உண்ணவேண்டுமென்றும், அதில் 50 கிராம் கீரையாக இருத்தல் நலமென்றும் கூறின. சிறு கொல்லை இத்தேவை முழுவதையும் நிறைவேற்ற இயலாது. எனினும் கீரைப் பங்கின் பெரும்பகுதியை அதனால் அளிக்க முடியும். ஆனால், இடம் சிறிதென்ற காரணத்தினாலேயே விதையை நெருக்கித் தூவும் வழக்கம் பரவியுள்ளது. விளைச்சல் குறைவதற்கு இதுவே முதற்காரணம்.

நெருங்கி நிற்கும் செடிகள் நீருக்கும் உரத்திற்கும் போட்டியிடுவதை யாவரும் அறிவர். ஒளிக்காக நடைபெறும் போட்டி இன்னும் நுட்பமானது. இலை, கதிரொளியிலுள்ள சிவப்புக் கூற்றை உறிஞ்சிக்கொண்டு, அதனை அடுத்துள்ள தொலைசிவப்புக் கூற்றைப் பெரிதும் திருப்பிவிடுகிறது. அவ்வாறு திரும்பும் ஒளியைப் பக்கத்துச் செடி ஒருவகை நிறமியினால் உணர்கிறது. ஃபைட்டோகுரோம் எனப்படும் இந்நிறமியை அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தார் 1959இல் கண்டறிந்தனர். நிழல் விழுவதற்கு முன்னரே செடி அண்டையிலுள்ளதை அறிந்து தண்டை நீட்டத் தொடங்குகிறது. வேருக்கும் காய்க்கும் செல்லவேண்டிய உணவு தண்டிலேயே செலவாகிறது. நெருக்கி விதைத்த முள்ளங்கி தழைத்து வளர்ந்தும் கிழங்கு வைக்காமைக்கு இதுவும் ஒரு காரணம். நாற்றங்காலில் நெருக்கம் மிகுந்தால் காற்றோட்டம் குறைந்து, நாற்றழுகல் நோயும் சேர்ந்துகொள்ளும்.

இப்பகுதியின் செம்மண்ணைத் தெலுங்கர் 'சல்க்கா' என்பர். பலத்த மழை பெய்து உடனே வெயில் காய்ந்தால், இம்மண்ணின் மேற்பரப்பு ஓடுபோல் இறுகிவிடும். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன், ஜூலை மாதங்களில் விதைப்போர் பலர், விதை பழுதென்று கடைக்காரரைக் குறை கூறுவதுண்டு. முளையோ மண்ணோட்டின்கீழ் மடங்கிக் கிடக்கும்! ஆகவே விதையை மண்ணால் மூடாமல், மணலும் மக்கிய எருவும் கலந்து மூடுதல் வேண்டும். முளைக்கும்வரை பூவாளியால் மெல்லத் தெளித்து மேற்பரப்பை ஈரமாக வைத்திருப்பின் ஓடு இறுகாது. அவரை, கொத்தவரை போன்றவற்றில் குழிக்கு இரண்டு விதைகள் இடுவதும் நன்று; இரு முளைகளும் சேர்ந்து மண்ணைத் தூக்கிவிடும்.

விதையின் பருமனைப்போல் இரண்டு அல்லது மூன்று மடங்கு ஆழம் போதுமானது. வெண்டை விதையை 2 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றலாம். தண்டுக்கீரை விதையை அவ்வாறு புதைத்தல் கூடாது. அதிலுள்ள சேமிப்புணவு மிகச் சிறிதாகையால் முளை வெளிவருமுன் தீர்ந்துவிடும். அதனைப் பத்து மடங்கு மணலுடன் கலந்து தூவி, கையால் லேசாகத் தடவிவிட்டால் போதும்.

செடி இடைவெளியைப் பொறுத்தமட்டில், வெண்டைக்கு வரிசைக்கு வரிசை 45, செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் விடலாம். தக்காளிக்கு முறையே 60, 45. கத்தரிக்கு இருபுறமும் 60. முள்ளங்கிக்குச் செடிகளிடையே 10 போதும். 3 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள பாத்தியில் இக்கணக்கின்படி சுமார் 26 வெண்டைச் செடிகளோ 13 தக்காளிச் செடிகளோ நிற்கும். பாகல், பீர்க்கு முதலிய கொடிகளைப் பாத்தியில் இடாமல், வேலியோரத்தில் ஓரடிக் குழி எடுத்து ஐந்து விதைகள் ஊன்றி, வலுவான இரண்டை மட்டும் நிறுத்துக.

வயலுக்கென வகுத்த வரிசை இடைவெளியில், களையெடுப்போர் நடந்து செல்வதற்கான இடமும் அடங்கியுள்ளது. பாத்தியின் இருபுறமும் நின்று கையெட்டும் வீட்டுத் தோட்டத்தில் அது தேவையில்லை. செடிகளைச் சதுரமாக நடாமல் முக்கோணமாக நட்டால், அதே இடைவெளியில் ஏறத்தாழ 15 சதவீதம் கூடுதலான செடிகள் அடங்கும். ஆயின் மிகச் சிறிய பாத்தியில் ஓரங்களில் இடம் வீணாவதால் இந்த ஆதாயம் குறையும்.

முளைத்த நாற்றைப் பிடுங்குவதற்குப் பலருக்கும் மனம் வருவதில்லை. பிடுங்கிய கீரை அன்றைய குழம்பிற்கு ஆகும் என்று எடுத்துக் கூறினால் இத்தயக்கம் பெரும்பாலும் நீங்கும். முள்ளங்கி நாற்றின் இலையும் உண்ணத்தக்கதே. பள்ளித் தோட்டத்தில் ஆசிரியர்கள் இதனைச் சோதனையாகவே செய்துகாட்டலாம்: 3 மீட்டர் வரிசையொன்றில் முள்ளங்கி விதைத்து, ஒரு பாதியில் 3 சென்டிமீட்டருக்கொரு செடியும், மறு பாதியில் 10 சென்டிமீட்டருக்கொரு செடியும் நிறுத்தவேண்டும். முதற்பாதியில் 50 செடிகளும் அடுத்ததில் 15 செடிகளும் இருக்கும். நாற்பத்தைந்தாம் நாள் பிடுங்கி, இலையையும் கிழங்கையும் தனித்தனியே மாணவர்கள் நிறுக்கட்டும்.

தொழிற்பேட்டையை ஒட்டிய வீடுகளில், விதைப்பதற்கு முன் மண்ணின் வரலாற்றை விசாரித்தல் அவசியம். ஆலைக் கழிவோ கட்டிட இடிபாடோ கொட்டி நிரப்பிய மனையாயின், காரீயம், காட்மியம் முதலியன கலந்திருக்கக்கூடும். இவற்றைக் காய்களைவிடக் கீரைகளும் கிழங்குகளும் மிகுதியாக ஏற்கின்றன. இலைமேல் படியும் தூசியைக் கழுவி நீக்கலாம். செடிக்குள் ஏறியதை நீக்க இயலாது. ஐயமுள்ள இடத்தில், வேறிடத்து நல்ல மண்ணை நிரப்பிய தொட்டிகளில் கீரையை வளர்ப்பதே தக்கது. தொட்டியிலும் இடைவெளிக் கணக்கு மாறாது. ஓரடி அகலத் தொட்டிக்கு ஒரு வெண்டைச் செடியே அளவு.