கூட்டுறவுக் கடன் சங்கமும் வணிக வங்கியும்

கூட்டுறவுக் கடன் சங்கம் என்பது, உறுப்பினர்கள் தாமே பங்குத்தொகை செலுத்தி, தம்மிடையே சேமிப்பைத் திரட்டி, தமக்குள்ளேயே கடன் வழங்கிக்கொள்ளும் அமைப்பு ஆகும். வணிக வங்கி என்பது பொதுமக்கள் அனைவரிடமும் வைப்புத்தொகை பெற்று, இலாப நோக்கில் கடன் வழங்கும் நிறுவனம் ஆகும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இவை இரண்டையுமே மக்கள் 'பேங்க்' என்று அழைப்பது வழக்கம். ஆனால் உரிமை, கட்டுப்பாடு, பணத்திற்கான பாதுகாப்பு ஆகிய மூன்றிலும் இரண்டும் வேறுபடுகின்றன.

வரலாறு

19ஆம் நூற்றாண்டில் செருமனியில் ரைஃபைசன் என்பவர் உழவர்களுக்காகவும், சூல்ட்சே டெலிட்சு என்பவர் நகரக் கைவினைஞர்களுக்காகவும் கடன் சங்கங்களைத் தொடங்கினர். கந்துவட்டியிலிருந்து மக்களை மீட்பதே இவற்றின் நோக்கம். சென்னை மாகாண அரசின் சார்பில் இம்முறையை ஆராய்ந்த பிரடெரிக் நிக்கல்சன், அதனை இங்கும் பின்பற்றலாம் என 1895இல் அறிக்கை அளித்தார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் திரூரில் வேளாண்மைக் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கடன் சங்கமும் தொடங்கப்பட்டன.

உரிமையும் நிருவாகமும்

வணிக வங்கியில் ஒருவர் வாடிக்கையாளர் மட்டுமே. சங்கத்திலோ அவர் உரிமையாளரும் ஆவார். எத்தனை பங்குகள் வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு மட்டுமே உண்டு. பேரவைக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கைக் கேட்கவும், நிருவாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. இலாபம் இருப்பின் பங்கு ஈவு கிடைக்கும்.

வங்கிகளை இந்திய ரிசர்வ் வங்கி ஒழுங்குபடுத்துகிறது. தமிழ்நாட்டிலுள்ள சங்கங்கள் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்படி, கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளரின் கண்காணிப்பில் இயங்குகின்றன.

கடன் பெறுதல்

பயிர்க்கடனில் சங்கத்தின் பயன் தெளிவாகத் தெரியும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பெறும் குறுகிய காலப் பயிர்க்கடனைத் தவணை தவறாமல் திருப்பிச் செலுத்தும் உழவருக்கு வட்டி இல்லை. அதனை அரசு ஏற்கிறது. மேலும், 2021இல் தமிழ்நாடு அரசு 16.43 இலட்சம் உழவர்களின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தபோது, கூட்டுறவு நிறுவனங்களில் பெற்ற கடனுக்கே அது பொருந்தியது. வணிக வங்கியில் கடன் பெற்றிருந்த பக்கத்து வயல்காரருக்கு அச்சலுகை கிட்டவில்லை.

அலுவலகங்களில் இயங்கும் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கங்களில், சக உறுப்பினரின் பிணையின் பேரில் கடன் கிடைக்கும். தவணை ஊதியத்தில் பிடித்தம் செய்யப்படும். கடன் வாங்கியவர் செலுத்தத் தவறினால், அத்தொகை பிணை நின்றவரிடம் வசூலிக்கப்படும். கடன்தொகையில் ஒரு பகுதியைப் பங்குத்தொகையாகப் பிடிக்கும் வழக்கமும் உண்டு. எடுத்துக்காட்டாக, 1,00,000 ரூபாய் கடனில் 5,000 ரூபாய் பங்காகப் பிடிக்கப்பட்டால் கையில் கிடைப்பது 95,000 ரூபாய். வட்டியோ முழுத்தொகைக்கும் உண்டு. எனவே வட்டி விகிதத்தை மட்டும் ஒப்பிடுவது போதாது.

வீட்டுக்கடன் போன்ற பெருந்தொகைக் கடன், இணையவழிப் பணப் பரிமாற்றம், வெளியூர்க் கிளைகள் ஆகியவற்றுக்கு வணிக வங்கியே பொதுவாக ஏற்றது.

வைப்புத்தொகையின் பாதுகாப்பு

ஓய்வூதியர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இது. வணிக வங்கிகளிலும் கூட்டுறவு வங்கிகளிலும் உள்ள வைப்புகளுக்கு வைப்புக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி 4 முதல் இதன் வரம்பு, ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 இலட்சம் ரூபாய் ஆகும். அதற்கு முன் 1 இலட்சமாக இருந்தது. காப்பீட்டுக் கட்டணத்தை வங்கியே செலுத்துகிறது.

ஒருவர் தம் பெயரில் ஒரே வங்கியின் இரு கிளைகளில் தலா 4 இலட்சம் வைத்தால், 8 இலட்சமாகக் கூட்டிக் கணக்கிட்டு 5 இலட்சத்திற்கே காப்பீடு கிடைக்கும். இரு வேறு வங்கிகளில் வைத்தால் முழுத்தொகைக்கும் கிடைக்கும்.

தொடக்கக் கடன் சங்கங்களில் உள்ள வைப்புக்கு இக்காப்பீடு இல்லை. கூடுதலாகக் கிடைக்கும் வட்டியை இந்த இடரோடு சேர்த்தே எடைபோட வேண்டும். பங்குத்தொகை வைப்பு அன்று. சங்கம் கலைக்கப்பட்டால் கடன்காரர்களுக்கும் வைப்பாளர்களுக்கும் கொடுத்த பின்னரே பங்குதாரர்களுக்கு எஞ்சியது கிடைக்கும். சில சங்கங்கள் 'வங்கி' என்னும் சொல்லைத் தம் பெயரில் பயன்படுத்துவது குறித்து ரிசர்வ் வங்கி 2021இல் பொதுமக்களை எச்சரித்தது. பெயர்ப்பலகையை நம்பாமல், காப்பீட்டுச் சான்று உள்ளதா எனக் கேட்டறிவது நல்லது.

தேர்ந்தெடுக்கும் முறை

பயிர்க்கடன், சிறுதொகைக் கடன், ஊதியப் பிடித்தத்தில் சேமிப்பு ஆகியவற்றுக்குச் சங்கம் பொருந்தும். பணிக்கொடை, நிலம் விற்ற பணம் போன்ற, மீண்டும் ஈட்ட இயலாத தொகைக்குக் காப்பீடுள்ள வங்கி பொருந்தும். ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்றை விட வேண்டும் என்பதில்லை. பலர் கடனுக்குச் சங்கத்தையும் சேமிப்புக்கு வங்கியையும் பயன்படுத்துகின்றனர்.

சங்கத்தில் சேருமுன் அதன் ஆண்டுத் தணிக்கை அறிக்கை, வாராக்கடன் அளவு, பேரவைக் கூட்டம் முறையாக நடக்கிறதா என்பன பற்றிக் கேட்டறிய வேண்டும். உறுப்பினர்கள் கேள்வி கேட்கும் சங்கத்தில் தவறுகள் விரைவில் வெளிப்படும்.